கைக்குப் பழகிய பூனை

ஜார்ஜ்டவுனில் என் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், சுவர் முழுக்க ஒரு பூனையை வரைந்து வைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் அதன் முன்னால் வரிசை நிற்கும். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் அதன் வயிற்றைத் தடவுவதுபோலவும் மீசையைப் பிடித்து இழுப்பதுபோலவும் படம் எடுத்துக்கொள்வார்கள். எதிர்க் கடையில் பூனைப் படம் போட்ட பை, பூனைப் படம் போட்ட கோப்பை, பூனை முகத்தில் செய்த பிஸ்கட் எல்லாம் விற்கிறார்கள். அந்தச் சுவருக்கு மறுபக்கம், கடைவீடுகளின் பின்புறச் சாக்கடையை ஒட்டி, நிஜப் பூனைகள் ஒரு கூட்டமாக வாழ்ந்தன. அவற்றை யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. கண்ணில் பீளையும், சண்டையில் கிழிந்த காதுமாக இருக்கும். காலடிச் சத்தம் கேட்டாலே சாக்கடை மூடிக்குள் நுழைந்துவிடும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்கு ஏஜெண்டிடம் நான் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இருந்த வரைக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் போன பிறகு டத்தோ கிராமாட் பக்கத்தில் உள்ள அதே அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூனை வளர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். பாவம், தனியாக இருக்கிறாள், பொழுது போக வேண்டுமே என்று முகத்திலேயே எழுதியிருக்கும். எனக்குப் பொழுது போகாமல் இருந்ததே இல்லை. சந்து வழியாகத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவேன். பூனைகள் என் கண்ணில் பட்டன. அவ்வளவுதான் காரணம்.

அந்தப் பூனைகளுக்குச் சோறு போட்டவர் ஒரு சீன அம்மா. கடைவீடு ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்தார். நான் அவரை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொள்வோம். தினமும் அவித்த கெம்போங் மீனைச் சோற்றில் பிசைந்து, பழைய செய்தித்தாளில் அள்ளி வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வார். அவர் அப்படி நின்றால்தான் அவை வெளியே வரும். அத்தனை வருஷம் சோறு போட்டவரைக்கூட ஒரு பூனையும் தொட விட்டதில்லை.

பிறகு அந்த வரிசைக் கடைவீடுகளை யாரோ மொத்தமாக வாங்கினார்கள். ஹோட்டல் வரப்போகிறது என்றார்கள். வாடகைக்கு இருந்தவர்களை முதலில் காலி செய்யச் சொன்னார்கள். அப்புறம் பூனைகளை. பழைய ஜன்னலும் தரை ஓடும் அப்படியே இருக்க வேண்டுமாம், வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். பூனைகள் இருக்கக்கூடாதாம். ஒரு காலையில் லாரியில் வந்தவர்கள் கம்பி வளையத்தோடு சந்தில் இறங்கினார்கள். அன்று நான் அலுவலக ஜன்னலில் இருந்து பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை.

தப்பித்தவை சிலதான். ஆன்ட்டி எங்கிருந்தோ ஒரு கூண்டை இரவல் வாங்கி வந்தார். அதற்குள் மீனை வைத்து, மேலே துணி போட்டு மூடி, இரண்டு பூனைகளைப் பிடித்தார். ஒன்று சாம்பல் நிறப் பெட்டை. இன்னொன்று கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய தலையோடு ஒரு கடுவன். ஆன்ட்டி ஆயர் ஈத்தாமில் மகள் வீட்டுக்குப் போகப் போகிறார். மகளுக்கு ஆஸ்துமா.

"உன் வீட்டில் ஒரு அறை சும்மாதானே கிடக்கிறது?" என்று கேட்டார்.

"இவை வீட்டுப் பூனை இல்லையே, ஆன்ட்டி."

"அவற்றுக்கு இப்போது தெருவும் இல்லையே."

கூண்டைத் தூக்கிக்கொண்டேன். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டினோம். அந்த டாக்டர் இளம் பெண். நேராகச் சொன்னார்: "இந்த வயசுக்கு மேல பழகுறது கஷ்டம். பிடிச்ச இடத்திலேயே திரும்ப விட்டுடறதுதான் நல்லது." பிடித்த இடத்தில் அப்போது ஜாக்ஹேமர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டையும் அப்பாவின் அறையில் விட்டேன். கட்டிலை எடுத்துவிட்டு, அட்டைப் பெட்டிகளில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்தேன். ஜன்னல் கம்பிக்கு வலை அடித்தேன். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் பூனை வெளியே வரும். ஒளிய இடம் கொடுக்காமல் நடுக்கூடத்தில் விட்டுவிட்டு, ஏன் பழகவில்லை என்று கேட்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கிய மணலை இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் போய் அசிங்கம் செய்து வைத்தன. கீழே பூங்காவில் இருந்து மண் அள்ளி வந்து தட்டில் நிரப்பினேன். அதில் போகத் தொடங்கிய பிறகு, கடை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். கடைசியில் மண்ணே இல்லாமல் பழகிக்கொண்டன. அது ஒன்றுதான் சுலபமாக நடந்தது.

முதல் நாட்களில் இரண்டும் சாப்பிடவில்லை. கடுவன் ஜன்னல் வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தும். அது பூனை கத்துகிற மாதிரியே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்னக்கா, பிள்ளை அழுதா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பெட்டை கத்தாது. பெட்டிக்குள் சுருண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும். குக்கர் விசில் அடித்தால் உடம்பு முழுக்கத் துடிக்கும். குக்கரை எடுத்து மேலே வைத்துவிட்டுப் பானையில் சமைக்கத் தொடங்கினேன். மிக்சியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய், நீள ஒயர் போட்டு அரைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டேன்.

வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு அந்த அறையில் போய்த் தரையில் உட்காருவேன். பூனைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கண்ணைப் பார்க்கக்கூடாது. அவற்றின் பாஷையில் கண்ணைப் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது. தற்செயலாகப் பார்த்துவிட்டால் மெதுவாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். அலுவலகக் கதைகளை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கன்டெய்னர் கஸ்டம்ஸில் மாட்டியது, மேனேஜர் யாரைத் திட்டினார் என்று எல்லாம். குரல் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிப் பேசினேன். ஆனால் அப்படி யாரிடமும் தினமும் பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது என்று பேசும்போதுதான் தெரிந்தது.

உணவை ஒரு நீள மரக்கரண்டியின் நுனியில் வைத்துப் பெட்டி வாசல் வரை நீட்டுவேன். கடுவன் கரண்டியை அறையும். ஒருமுறை கரண்டியை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக் கடித்தது. பல் எலும்பு வரை இறங்கியது. கிளினிக்கில் ஊசி போட்ட நர்ஸ், "வீட்டுப் பூனையா கடிச்சுச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். அதன் பிறகும் கரண்டியை நீட்டினேன்.

பெட்டை ஒரு நாள் கரண்டியில் இருந்து நக்கியது. கரண்டியை ஆட்டாமல் பிடித்திருந்தேன். அடுத்த வாரங்களில் கரண்டியைப் பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். கரண்டி குட்டையாகிக்கொண்டே வந்து, கடைசியில் என் விரலில் வந்து நின்றது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், என் உள்ளங்கையில் இருந்த மீனைச் சாப்பிட்டுவிட்டு அது போகவில்லை. கையை முகர்ந்தது. தலையைக் கொண்டுவந்து என் விரல் முட்டியில் ஒருமுறை இடித்தது. அப்புறம் இன்னொருமுறை. நான் அசையவில்லை. கால் மரத்துப்போய் எறும்பு ஊறியது. அந்தச் சாக்கடையில் பிறந்து, அந்த லாரியையும் பார்த்த உயிர், தானாக வந்து என் கையில் தலையை வைத்தது. எனக்கு வாழ்க்கையில் யாரும் அப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு அது நடந்துகொண்ட விதம்தான் அதிசயம். காப்பி குடிக்கும்போது மடியில் ஏறியது. வாசலில் சாவிச் சத்தம் கேட்டால் ஓடி வந்து காலைச் சுற்றியது. கேஸ் கொண்டுவரும் அண்ணன், தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர் என்று யார் வந்தாலும் போய் முகர்ந்து, காலில் உரசி, வயிற்றைக் காட்டிப் படுத்தது. "இதுவா சாக்கடைப் பூனை?" என்று எல்லோரும் கேட்டார்கள். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன். கடுவன் மட்டும் மாறவே இல்லை. அறையை விட்டு வந்து வீடெல்லாம் சுற்றும், ஆனால் என் கைக்கு எட்டாத தூரத்தில்தான். நான் ஒரு அடி எடுத்து வைத்தால், அது இரண்டு அடி பின்னால் போகும்.

தீபாவளிக்கு என் தங்கச்சி புக்கிட் மெர்தாஜாமில் இருந்து குடும்பத்தோடு வந்தாள். எனக்கு ஒரே தங்கச்சி. சாம்பல் பூனை அவள் மடியிலும் போய் உட்கார்ந்தது. அவள் வீட்டுக்காரர் படம் எடுத்தார். "எங்களுக்குக் குடுத்துடுங்கக்கா, எலித் தொல்லை தாங்கல" என்றார். தர மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அடுத்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும் என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லி, நாளும் கொடுத்துவிட்டார்கள். தங்கச்சி போனில் அழுதாள். பிறகு வந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்து குனிஞ்சு நிமிந்து மணல் தட்டு கழுவுவியா நீ? வயித்து மேல பூனை குதிச்சா தையல் பிரிஞ்சிடும் லா, அக்கா. நான் கொண்டுபோய் வச்சுக்கிறேன். நீ நல்லானதும் வந்து தூக்கிட்டுப் போ."

"கடுவன்?"

"ஐயோ, அந்தப் பேயை யாரு பிடிக்கிறது?"

உண்மைதான், அதைப் பிடிக்க முடியாது. ஆன்ட்டியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். ஆயர் ஈத்தாமில் இருந்து தினமும் பஸ் ஏறி வந்து மீன் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். சாம்பல் பூனையைக் கூடையில் வைத்துத் தங்கச்சியின் காடியில் பின் சீட்டில் ஏற்றினேன். முதலில் ஒரே அறையில் வை, ஒளிய இடம் கொடு, கதவைத் திறந்து போடாதே, இந்த மீன்தான் சாப்பிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"நான் ரெண்டு பிள்ளையைப் பெத்து வளர்த்தவ" என்றாள். "ஒரு பூனையைப் பாத்துக்கத் தெரியாதா எனக்கு?"

கூடைக்குள் அது கத்தவில்லை. கம்பி வழியாக என் விரலை நக்கியது.

ஆபரேஷன் முடிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடப்பதே பெரிய காரியமாக இருந்தது. தங்கச்சி வாரத்தில் சில நாள் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை நான் மறைக்கப் போவதில்லை. முருங்கைக்கீரை சூப் வைத்துக் கொண்டுவருவாள், துணி துவைத்துப் போடுவாள். ஒவ்வொரு முறையும் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்பேன்.

"நல்லா இருக்கு லா. சோபாவுல ஏறித் தூங்குது. உன்னைத்தான் தேடுது."

ஒரு படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். சோபாவில் சுருண்டு படுத்திருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மறுபடியும் கேட்டபோது இன்னொரு படம் வந்தது. அதே சோபாவில் அப்படியே சுருண்டிருந்தது. அந்த இடம் அதற்குப் பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்னதும் நான் முதலில் போனது தங்கச்சி வீட்டுக்குத்தான். சொல்லாமல் போனேன். சந்தோஷமாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். பெர்ரிக் கப்பல் ஏறிக் கடலைத் தாண்டி, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்துப் போனேன். கையில் காலிக் கூடையும், தங்கச்சிக்குப் பிடித்த தௌசார் பிஸ்கட் பெட்டியும் இருந்தன.

கதவைத் திறந்தவள் கூடையைப் பார்த்தாள். முகம் மாறியது. "உட்காரு, டீ போடுறேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். பூனைக்குச் சோறு வைக்கும் மங்கு பால்கனியில் துளசிச் செடிக்கு அடியில், தண்ணீர் தேங்குவதற்காக வைக்கப்பட்டிருந்தது. நான் அனுப்பிய நீல மங்கு.

"எங்க மா, மேலயா தூங்குது?" என்று கேட்டேன். சமையலறையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பசார்ல விட்டாச்சுக்கா. மீன் பசார் பக்கமாத்தான் விட்டேன். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை."

"எப்போ தம்பி?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்தீங்கல்ல, அந்த வாரம்."

தங்கச்சி டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "சோபாவைப் பாரு, அக்கா. புதுசு லா. எல்லாத்தையும் பிறாண்டிடுச்சு. வீட்டுல பூஜை வேற வச்சிருந்தோம், அவங்க அம்மா வீட்டு ஆளுங்க எல்லாம் வந்தாங்க. ஒவ்வொருத்தர் மேலயும் ஏறுது. மூத்திரம் வேற. என்ன செய்யச் சொல்ற?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வயித்துல தையலோட கிடக்குற உன்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்காகத்தான் சொல்லல."

"படம் அனுப்பினியே?"

அவள் டீக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு குரல் உயர்ந்தது. தவறு செய்தவர்களுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் கோபம் வந்துவிடும். "பூனைதானே லா! தெருவுல இருந்து வந்தது, தெருவுக்குப் போச்சு. உனக்கும் பிள்ளை குட்டின்னு இருந்திருந்தா இதைப் போய் இவ்வளவு பெருசா எடுத்துக்க மாட்ட."

கர்ப்பப்பையை எடுத்து ஆறாத காயத்தோடு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். டீ குடி என்று மெதுவாகச் சொன்னாள். நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "பசாருக்கு நான் வேணா காடியில கொண்டு விடட்டுமா, அக்கா?" என்று அவள் வீட்டுக்காரர் கேட்டார். அந்த மனிதருக்கு இதில் எதுவும் தவறாகத் தெரியவில்லை. அதனால் அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சாயங்காலமாகிவிட்டதால் மீன் பசார் மூடியிருந்தது. கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் நாலைந்து பூனைகள் செதில் பொறுக்கிக்கொண்டிருந்தன. சாம்பல் நிறத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் விடிந்ததும் மறுபடி பெர்ரி ஏறினேன். மீன்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போனில் படத்தைக் காட்டினேன். தலையை ஆட்டினார்கள். ஓரத்தில் வெற்றிலையும் வாழையிலையும் விற்கிற ஒரு தமிழ் அம்மா மட்டும் போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"காது நுனி வெட்டுனதா?"

"ஆமாங்க."

"உங்க பூனையா இது?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல பூனைங்க. இங்க உள்ள பூனைங்க மீனைத் திருடிட்டு ஓடிப்போயிடும். இது ஒண்ணுதான் யாரு வந்தாலும் காலைச் சுத்திக்கிட்டே வரும். நான்கூட என் கடைக்கு அடியில சாக்கு விரிச்சுப் போட்டேன். எங்க நின்னுச்சு? பின்னால காடி நிறுத்துற எடத்துலயேதான் கிடக்கும். ஒரு காடிக் கதவு தொறந்தாப் போதும், ஓடிப்போய் நின்னு யாரு எறங்குறான்னு பாக்கும்."

நான் ஒன்றும் கேட்காமலே அவர் தொடர்ந்தார். "ரிவர்ஸ் எடுத்தவன் பாக்கலங்க. சின்னப் பையன்தான், எறங்கி வந்து பாத்துட்டு அழுதான். அது ஆச்சு, ரெண்டு மூணு வாரம்."

"எங்க புதைச்சாங்க?"

"பசார்ல யாருங்க புதைக்கிறா? குப்பை லாரி வந்துச்சு."

அவர் ஒரு கட்டு வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தார். எதற்கென்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். வாங்கிக் காலிக் கூடைக்குள் போட்டுக்கொண்டேன்.

வரும் வழியில் பெர்ரியில் உட்கார்ந்து யோசித்தேன். ஜார்ஜ்டவுன் சந்துகளில் அந்தப் பூனை எத்தனை வருஷம் இருந்திருக்கும்? மோட்டார் சைக்கிள், லாரி, சுற்றுலா பஸ் எல்லாவற்றுக்கும் இடையில் பிழைத்திருந்தது. கம்பி வளையத்தோடு வந்தவர்களிடம்கூட மாட்டவில்லை. மனிதர்களைக் கண்டால் ஓட வேண்டும் என்கிற ஒரே அறிவுதான் அதைக் காப்பாற்றியது. மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்து, அந்த அறிவை நான் அதனிடமிருந்து எடுத்துவிட்டேன். என் வீட்டுக்குள் அது அன்பு. அந்த வாசலைத் தாண்டியதும் அதற்கு வேறு பெயர். அதை வெளியே தூக்கி எறிந்தவர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று சொல்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு இப்போது நான் போவதில்லை.

கொஞ்ச நாள் கழித்துத் தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் ஒரு பெர்ஷியன் பூனைக்குட்டியோடு வந்தார்கள். கடையில் வாங்கியது. கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தது. வாசலிலேயே நின்றார்கள், நான் உள்ளே கூப்பிடவில்லை.

"இது சாதிப் பூனை, அக்கா" என்றாள் தங்கச்சி. "அதைவிட அழகு. கோவத்தை விடு லா. ஒரு பூனைக்காக நம்ம ரெண்டு பேரும் பேசாம இருக்குறதா?"

"பூனைக்காக இல்லை. நீ அதே பழைய படத்தை ரெண்டாவது தடவை அனுப்பினியே, அதுக்காக."

அவளுக்குப் புரிந்தது. கண் கலங்கியது. அவள் அழுதால் நான் இறங்கிவிடுவேன் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். அன்றைக்கு நான் இறங்கவில்லை. குட்டி கூண்டுக்குள்ளிருந்து கையை நீட்டி என் புடவை நூலைப் பிடித்தது. அதை விடுவித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தக் குட்டியை யாரிடம் கொடுத்தார்கள் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆன்ட்டிக்கு விஷயம் தெரிந்தபோது "காசியான், காசியான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பாவம் என்பதற்கு மலாயில் அதுதான் சொல். அதன் பிறகும் அவர் பூனைகளை விடவில்லை. கப்பல்துறைப் பக்கம் இன்னொரு வரிசைக் கடைவீடு விற்றுப்போய்விட்டது, அங்கே ஒரு தாயும் குட்டிகளும் இருக்கின்றன என்று போன் செய்தார்.

"உன் அறை காலிதானே? உனக்குத்தான் எப்படிப் பழக்குவது என்று தெரியுமே."

"முடியாது, ஆன்ட்டி."

"ஏன்? அந்தக் குட்டிகள் என்ன பாவம் செய்தன?"

"ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் சொல்கிறேன். என்னிடம் வேண்டாம்."

அவருக்கு இது பிடிக்கவில்லை. என் உடம்பு சரியில்லாதபோது பஸ் ஏறி வந்து என் பூனைக்குச் சோறு போட்டவர். அதற்குப் பிறகு அவர் கேட்ட ஒரே உதவியை நான் மறுத்துவிட்டேன். போனை வைத்தார். அதற்குப் பிறகு அழைப்பது குறைந்தது, இப்போது இல்லை. புது ஹோட்டல் திறந்துவிட்டார்கள். மத்தியானத்தில் சந்து வழியாகப் போகும்போது, கண்ணாடிக்குள் வெள்ளைத் துணி விரித்த மேசைகள் தெரிகின்றன.

கடுவன் இன்னும் என்னோடு இருக்கிறது. கிழடாகிவிட்டது, கீழ்ப்பல் இரண்டு விழுந்துவிட்டது. மீனை முள் எடுத்து மசித்து மங்கில் வைத்துவிட்டு, நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். கரண்டியை நீட்டுவதை நிறுத்திவிட்டேன். தரையில் உட்கார்ந்து கதை சொல்வதும் இல்லை. மேலே வைத்திருந்த குக்கரை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டேன். விசில் சத்தத்துக்கு அது அலமாரிக்குப் பின்னால் ஓடும். ஓடட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தால், கடுவன் என் கட்டைவிரலை முகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அது தானாக என் பக்கத்தில் வந்ததில்லை. மூக்கை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்து, என் கணுக்காலில் இடிக்கப் போனது. அந்தப் பெரிய தலையைத் தொட வேண்டும் என்று என் கை எவ்வளவு துடித்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கும் வயதாகிறது. ஒரு ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று எப்போது வரும் என்று யார் கண்டது? நான் இல்லாத ஒரு நாள், சாவியோடு யாராவது இந்த வீட்டுக்குள் வருவார்கள். அவர்கள் கையை நீட்டும்போது இது ஓட வேண்டும். ஓடி, இடுக்கில் நுழைந்து, கிட்டே வருகிற கையை எலும்பு வரை கடிக்க வேண்டும்.

காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தேன். "போ!" என்று கத்தினேன். அது துள்ளி விழுந்து, நகம் தரையில் வழுக்க, அலமாரிக்குப் பின்னால் ஓடியது. அன்று முழுக்க வெளியே வரவில்லை. நான் கீரையை ஆய்ந்து முடித்து உலை வைத்தேன்.